நீலப் பட்டை நிறையும்வரை

“ஆன்ட்டி, அம்மா ஏன் ஜெர்மனியை விட்டு வந்தாங்க?”

எனக்குத் தெரியவில்லை.

கேட்டது சுதாவின் மகள், வாட்ஸப்பில். அதற்கு முந்தைய வரியில், அம்மா முந்தாநாள் காலை கோவையில் இறந்துவிட்டார் என்ற செய்தி. உடம்புக்கு முடியாமல் இருந்ததே எனக்குத் தெரியாது...

பிறந்தநாளுக்கு ஒரு வரி, பொங்கலுக்கு ஒரு வரி. பல வருடங்களாக எங்களுக்குள் அவ்வளவுதான்.

இந்த மாதிரி அஞ்சலிப் பதிவுகளில் இறந்தவர்கள் எல்லாரும் தங்கமானவர்களாகிவிடுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. என் அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப்பொடியை என்னைக் கேட்காமல் தீர்த்தவள் சுதா. குடித்த கோப்பையை ஒருநாளும் கழுவி வைத்ததில்லை.

2005, 2006 வாக்கில் ஜெர்மனியின் வால்டோர்ஃபில் நாங்கள் இருவரும் ஒரே சப்போர்ட் டீம், ஒரே வீடு. வாடிக்கையாளரின் பிரச்சினை ஒரு டிக்கெட்டாக வரும். வந்ததைத் திறந்தபடி விட்டுவைக்கக் கூடாது. உடனே பதில், உடனே க்ளோஸ். அதில் நான் கெட்டிக்காரி.

ஒரு சனிக்கிழமை சுதா பழைய சாமான் சந்தையிலிருந்து ஒரு கேம் கன்சோலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கூடவே ஒரே ஒரு ரோல்-பிளேயிங் கேம். வாள், மந்திரம், பனிக்கோட்டை... எல்லாம் ஜெர்மனில்.

சிறுபிள்ளைத்தனம் என்றேன். அடுத்த வாரம் அவளுக்கு முன்னால் நான் டிவி எதிரே உட்கார்ந்திருந்தேன்.

மாலை நேர ஜெர்மன் வகுப்பில், வேலையிடத்தில் கற்ற சொற்களைச் சொல்லச் சொன்னார் ஆசிரியை. சுதா கேடயம், விஷமுறிவு, எலும்புக்கூடு என்று அடுக்கினாள். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அவர் கேட்டார். சாஃப்ட்வேர் என்றாள், முகம் மாறாமல்.

சண்டை இப்படித்தான் நடக்கும். அவள் வாள்காரி, நான் மந்திரக்காரி. இருவர் பெயருக்குக் கீழும் ஒரு நீலப் பட்டை மெதுவாக நிறையும். நிறைந்ததும் பட்டனை அமுக்கினால் எதிரி மேல் அடி விழும். பட்டை காலியாகி, மறுபடி முதலிலிருந்து.

என் பட்டை நிறைந்த நொடியே நான் அமுக்கிவிடுவேன்.

“ஏம்ப்பா, அது டிக்கெட் இல்ல. வந்த உடனே க்ளோஸ் பண்ணாத” என்பாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.

கோட்டை வாசலில் ஒரு காவல் பூதம். இலை உதிரத் தொடங்கியதிலிருந்து பனி விழும்வரை, வார இறுதி தவறாமல் அதனிடம் தோற்றோம். நாங்கள் அடிப்பது அதற்குக் கொசுக்கடி.

அந்தக் குளிர்காலத்தில் சுதாவின் ஒப்பந்தம் முடிய இருந்தது. நீட்டிக்கத் தயார், திங்கட்கிழமை பதில் சொல் என்றிருந்தார் மேனேஜர். கோவையில் வரன் பார்த்து வைத்திருந்த அப்பா, எப்போது வருகிறாய் என்று தினமும் ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வார இறுதி வரை அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் இல்லாத வீட்டை ஓரிரு முறை நினைத்துப் பார்த்தேன். பிறகு நினைப்பதை நிறுத்திக்கொண்டேன்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய நாள், மதியம். பூதத்தின் முன்னால் நிற்கிறோம். அடுப்பில் குக்கர்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே சத்தம் கூடாது. கீழ்வீட்டு அம்மாள் குக்கர் விசிலுக்காக ஏற்கெனவே மேலே ஏறி வந்து கதவைத் தட்டியிருக்கிறார். அதனால் ஞாயிறன்று எங்கள் வீட்டில் குக்கருக்கு ஒரு விசில்தான் அனுமதி. அது வந்தது... கன்ட்ரோலரைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி வந்தால், என் மந்திரக்காரி நிறைந்த பட்டையோடு சும்மா நின்று அடி வாங்கிக்கொண்டிருக்கிறாள். அதற்குள் சுதாவின் பட்டையும் நிறைந்துவிட்டது. இருவரும் ஒரே நேரத்தில் அமுக்கினோம்.

திரை முழுக்க வெள்ளை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரே வீச்சு. பூதத்தின் உயிரில் கால்வாசியைக் காணோம்.

சுதா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இத்தனை வாரமும் புரியாதது அப்போதுதான் புரிந்தது... முதலில் நிறைந்தவர் நிற்க வேண்டும். மற்றவருக்கு நிறையும்வரை. அடி விழுந்தாலும்.

அதன்பிறகு பேச்சு இவ்வளவுதான்.

“எனக்கு நிறைஞ்சிருச்சு.”

“எனக்கு இன்னும் கொஞ்சம்.”

“இருக்கேன். நீ மெதுவா வா.”

மாறி மாறிச் சொன்னோம். எது அவள் குரல், எது என் குரல் என்று இப்போது பிரிக்க முடியவில்லை.

பூதம் விழுந்தபோது சாதம் ஆறிப்போயிருந்தது. ஒரு விசிலில் பருக்கை பருக்கையாக நின்ற சாதம். தயிர் ஊற்றிச் சாப்பிட்டோம். சுதா இரண்டு கன்ட்ரோலர்களையும் மடியிலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

நான் இன்னும் இங்கே, வால்டோர்ஃபில்தான் இருக்கிறேன். ஐம்பதை நெருங்கும் வயதில், அந்த ஒரு மதியம் மறுபடி வேண்டும் என்று கேட்பது அபத்தம். கேட்கிறேன்.

மெதுவாகப் போ சுதா. அவசரம் ஒன்றும் இல்லை.

மகளுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. எனக்குத் தெரிந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் நடந்தது மட்டும்தான்.

திங்கட்கிழமை காலை, ஆபீஸ் காபி மெஷின் பக்கத்தில், சுதா கோப்பையைக் கையில் பிடித்தபடி கேட்டாள்: “மேனேஜர்ட்ட இன்னிக்குச் சொல்லணும். நீ என்ன சொல்ற... நான் இருக்கட்டுமா, போகட்டுமா?”

“போறதுதான் நல்லது” என்றேன். அவள் கேட்டு முடித்த உடனே.

அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு காபியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, மேனேஜர் அறைக்குப் போனாள்.