புல் முளைக்காத இடம்

சயாமில் ரயில் பாதை போட என் கணவரை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போன பிறகு, ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் நானும் மூன்று வயது மகளும்தான். ரப்பர் வாங்க ஆளில்லாமல் பாலெடுக்க மரம் வெட்டும் வேலை நின்றுபோயிருந்தது. பக்கத்திலிருந்த லுக்குட் பட்டணத்துக் கடைகளில் அரிசி என்ற பேச்சே இல்லை. மரவள்ளி நட்டுப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று வேலை வாங்கும் மண்டோர் ஆளுக்கொரு துண்டு நிலம் காட்டினார்.

எங்கே பார்த்தாலும் இடுப்பு உயரத்துக்கு லாலாங் புல். வேரோடு தோண்டாவிட்டால் மறுபடி தலைதூக்கிவிடும். அரை வயிற்றுக் கஞ்சியில் யாருக்கு அந்தத் தெம்பு? களை மருந்துக் கொட்டகைக்குப் பின்னால் மட்டும் ஒரு புல்கூட இல்லாமல் வழித்துவிட்டதுபோல் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கினேன். வெள்ளைக்காரன் காலத்தில் லாலாங்கைக் கொல்லும் பாஷாணத்தை அங்கேதான் கலக்குவார்கள், டின்களைக் கழுவி ஊற்றுவார்கள். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பெய்த மழைக்கெல்லாம் அது கழுவிக்கொண்டு போயிருக்கும் என்று நானும் நினைத்தேன், மண்டோரும் நினைத்தார். பக்கத்து வீட்டு அக்கா, கெட்டிக்காரிதான் நீ என்று பொறாமைகூடப் பட்டாள்.

நட்ட குச்சிகள் துளிர்த்தன. சாண் உயரத்தோடு நின்றுவிட்டன. இலைகள் மஞ்சள் பூத்து, ஓரம் கருகி, ஒவ்வொன்றாக உதிர்ந்தன. தண்ணீர் ஊற்றினேன், சாம்பல் போட்டேன், வாய்க்கு வந்தபடி திட்டியும் பார்த்தேன். மற்றவர்கள் கிழங்கு பிடுங்கத் தொடங்கியபோது நானும் ஒரு செடியைப் பிடுங்கினேன். சுண்டுவிரல் பருமனில் பழுப்பாய் ஒரு வேர் வந்தது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இதையாவது அவிக்கலாம் என்று மிச்சத்தையும் பிடுங்கி முந்தானையில் அள்ளினேன். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டுத் தட்டிவிட்டாள்.

"மருந்து இன்னும் மண்ணுலதான் இருக்குடி. புள்ளைக்குக் குடுத்துறாத."

தன் கிழங்கில் இரண்டைக் கையில் வைத்தாள். அவளுக்கே நான்கு பிள்ளைகள். தினமும் போய் எப்படி நிற்பது?

மறுநாள் மண்டோரிடம் வேறு நிலம் கேட்டேன். பள்ளத்தில் லாலாங் மண்டிய துண்டுதான் மிச்சம், ஒற்றைப் பொம்பளையால் முடியுமா என்றார். முடியாதுதான். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

நாலு வெட்டு வெட்டுவதற்குள் கண்ணை இருட்டியது. மேட்டில் உட்கார்ந்திருந்த மகள், நம் கிழங்கு இன்றைக்கு வந்துவிடுமா என்று கேட்டாள்.

"இன்னைக்கு இல்லம்மா" என்றேன். அடுத்த வருஷம் என்று சொல்ல வாய் வரவில்லை.