என்னைக் கடித்த நாய் தண்ணீர் குடித்த காலை

முதலில் வலியே தெரியவில்லை. கெண்டைக்காலில் இரண்டு பல்தடம், கொஞ்சம் ரத்தம். நாயின் விலாப்புண்ணில் வைத்த மஞ்சள் ஒட்டியதா என்பதே அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது.

மலைமேல் எங்கள் குண்டூர் நாட்டு ஊர்களில் தினைக்காட்டுக் காவலுக்குப் போகும் நாய்களைக் காட்டுப்பன்றி கிழித்துவிடும். ஓட முடியாத நாயை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்படிக் கிடப்பவற்றைத் தூக்கிவந்து, புண் ஆற்றி, காவலுக்கு நாய் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவேன். பெயர் மட்டும் வைக்கமாட்டேன். வைத்துவிட்டால் கொடுக்க மனம் வராது. "ஊரு நாய்க்கெல்லாம் பொறந்த ஊடு இதுதான்" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். தன் தட்டுக் களியில் பாதியை அவற்றுக்கு வைப்பவரும் அவரே.

கடித்தது அப்படி வந்த ஒரு செவலை நாய். புண்ணில் கை பட்டதும் பல் பட்டது. அதன் மேல் எனக்குக் கோபமில்லை.

மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கி, பஸ் பிடித்து, அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் காலைச் சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவினார்.

"நாய் உயிரோட இருக்காம்மா?"

"இருக்குதுங்க."

"கொன்னுடாதீங்க. கட்டிப்போட்டுப் பாருங்க. பத்து நாள் நல்லா இருந்தா உங்களுக்கு ஒண்ணுமில்ல. நடுவுல அது மாறுச்சுன்னா அன்னைக்கே வந்துடுங்க. தொப்புளச் சுத்தி ஊசி போடணும்."

ரேபிஸ் (நாயின் எச்சில் வழியாக மூளைக்கு ஏறும் வெறிநோய்) வெளியே தெரிந்துவிட்டால் மருந்தில்லை என்றார். தண்ணீரைக் கண்டாலே தொண்டை இழுத்துக்கொள்ளுமாம். அன்று மாலையிலிருந்து நான் குடித்த ஒவ்வொரு மடக்கும் எனக்குப் பரீட்சைதான்.

இதைப் படிப்பவர்களில் யாரையாவது நாய் கடித்திருந்தால் ஒன்று சொல்கிறேன். என்னைப் போலக் காத்திருக்க வேண்டாம். இப்போது நல்ல ஊசி வந்துவிட்டது. காயத்தைக் கழுவிவிட்டு அன்றே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.

நாயைப் பலாமரத்தில் கட்டினோம். வீட்டுக்காரர் என்னைக் கிட்டே விடவில்லை. தானே களி வைத்து, தண்ணீர்ச் சட்டியை மூங்கில் கழியால் தள்ளிவிடுவார். சில நாள் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு ஒரு நாள் அது சட்டியை முகர்ந்து பின்வாங்கியது. மறுநாளும் அப்படியே. விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது என்று முடிவு செய்தோம்.

விடிந்தபோது கொழுந்தன் தடியோடு வந்து நின்றான்.

"கடிச்ச நாய அடிச்சுப்போட்டாத்தான் வெசம் எறங்கும் அண்ணி."

எங்கள் மலையில் அப்படித்தான் நம்பினோம். எனக்கும் ஒரு நிமிடம் அடித்துவிடட்டும் என்றிருந்தது. உயிர்ப்பயம் அப்படி. ஆனால் நாயைப் பார்த்தேன். உதிர்ந்த பலா இலைகளில் நின்ற பனியை அது ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தது.

தண்ணீருக்கு மிரண்ட நாய் பனியை நக்குமா?

கழியால் சட்டியை இழுத்து முகர்ந்தேன். நெடி மூக்கில் ஏறியது.

"ஏனுங்க, இது மொளகு ஊறப்போடுற சட்டியில்லீங்களா?"

"பழைய சட்டிய நாயி ஒடச்சுப்போட்டுதே. கழுவித்தான் புள்ள ஊத்துனேன்."

மண்சட்டி குடித்த காரம் கழுவினால் போகுமா? பாதியாக அறுத்த சுரைக்குடுக்கையில் தண்ணீர் ஊற்றித் தள்ளினேன். நாய் தலையைத் தூக்காமல் குடித்தது. நான் உட்கார்ந்து அழுதேன். கொழுந்தன் தடியைக் கீழே போட்டுவிட்டு, "அண்ணனுக்குத்தான் ஊசி போடோணும்" என்றான்.

கெடு தாண்டியும் நாய் நன்றாகவே இருந்தது. புண் ஆறியதும் குண்டனி நாட்டிலிருந்து ஒருவர் காவல் நாய் கேட்டு வந்தார்.

"இத மட்டும் வெச்சுக்க புள்ள" என்றார் வீட்டுக்காரர்.

எனக்கும் ஆசைதான். ஆனால் பலாமரத்தடி காலியானால்தானே அடுத்தது வரமுடியும்? கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தேன். அத்தனை நாளும் என் உயிர் அதன் கழுத்தில்தான் கட்டியிருந்தது. அது திரும்பிப் பார்க்காமல் போனது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கால் தழும்பு இப்போது தடவினால்தான் தெரிகிறது. காலையில் தண்ணீர் குடிக்கும்போது மட்டும், முதல் மடக்கு இறங்கும்வரை யாரோடும் பேசமாட்டேன். இறங்கிய பிறகுதான் எனக்கு விடிகிறது.