பேசினில் விழுந்த பூ

ஒச்சாயிக்குக் கோபம் வரும் என்று யாராவது சொன்னால் அவளைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். வருவதற்கு அது எங்கே போயிருந்தது? உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு பஸ் ஏறிய அன்றைக்கே கண்டக்டரோடு சண்டை. லைன் வீட்டில் குடியேறிய மறுநாள் குழாயடியில் சண்டை. பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளுக்கு வந்த பிறகு, தையல் விட்ட டெய்லரோடு, கறை பண்ணிய அயர்ன்காரனோடு, சில்லறை இல்லை என்ற டீக்கடைக்காரனோடு சண்டை. ஆனால் காரணமில்லாமல் வாயைத் திறந்தாள் என்று மட்டும் ஒருத்தரும் சொன்னதில்லை.

அவள் புருஷன் வீரணன் கிணற்று வேலைக்குப் போன இடத்தில் வெடிவைத்த கல் விழுந்து செத்துப்போனான். கருமாதி அன்றைக்கு அவளை மணையில் உட்காரவைத்து, தலை நிறையப் பூ வைத்து, பிறகு அத்தனையையும் எடுத்தார்கள். மாமியார் எடுத்தாள், நாத்தனார் எடுத்தாள், சொந்தபந்தம் சுற்றி நின்று ஓவென்று அழுதது. ஒச்சாயி அழவில்லை. அடுத்த வருஷம் திருப்பூருக்கு வந்தவள், முதல் வாரச் சம்பளத்தில் பஸ் ஸ்டாண்டில் ஒரு முழம் கதம்பம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். லைன் வீட்டுப் பெண்கள் கேட்காமல் இருப்பார்களா?

"செத்தது அந்த மனுசன். நான் இருக்கேன்ல?" என்றாள். "பூவு எங்கப்பன் வீட்டுலயே வச்சது. அவரு கொண்டாந்து குடுத்ததா?"

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் மரிக்கொழுந்தும் வைத்துக் கட்டிய கதம்பம் அவள் கொண்டையில் பல வருஷம் இருந்தது. பிடுங்கினது கம்பெனி.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் பங்குனியில் அது நடந்தது. ஜெர்மனிக்குப் போன பெட்டி ஒன்றில், கைக்குழந்தைக்குப் போடுகிற வெள்ளைப் பனியனோடு ஒரு கனகாம்பர இதழும் போய்விட்டது. கப்பலில் கிடந்து நசுங்கி, பனியனில் ஆரஞ்சுக் கறை. துணி வாங்குகிற பையர் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. மறுநாள் காலையில் கம்பெனி கேட்டுக்குள் ஒரு ஸ்டூல், அதன்மேல் ஒரு நீல பிளாஸ்டிக் பேசின், பக்கத்தில் வாட்ச்மேன் ஆத்தப்பன்.

"அந்தப் பூவ மட்டும் எடுத்து இதுல போட்டுருங்க அம்மிணி. பையர் ரூலுங்க. நானென்ன பண்றதுங்க."

இந்த ஊர்க்காரர்கள் கழுத்தில் கை வைத்தாலும் 'ங்க' போட்டுத்தான் வைப்பார்கள். ஒச்சாயிக்கு அந்த மரியாதைதான் இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. மற்ற பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே எடுத்துப் போட்டார்கள். அவள் பக்கத்து டேபிள் பூவாத்தாள், டிபன் டப்பாவில் போட்டு வைத்துச் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னாள்.

"சோத்து டப்பாவுல எதுக்குடி பூவு? நான் என்ன களவாண்டா கொண்டு வாறேன்?"

தினமும் வைத்துக்கொண்டு வருவாள். தினமும் கேட்டில் சத்தம். கடைசியில் தினமும் பேசின். கருமாதியில் ஒருமுறை எடுத்ததற்காவது ஊர் ஒரு நியாயம் சொன்னது. இங்கே ஒவ்வொரு நாளும் காலையில், நூறு பேர் பார்க்க, தன் கையாலேயே எடுக்கச் சொல்கிறார்களே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. ஆத்தப்பன் அந்தப் பூவையெல்லாம் சாயங்காலம் காம்பவுண்டு சுவருக்குப் பின்னால் கொட்டுவார். மழைக்கும் வெயிலுக்கும் அது அங்கேயே கிடந்து காய்ந்து சருகானது.

கார்த்திகை பிறந்ததும் ஒருநாள் அவள் எடுக்கவே மாட்டேன் என்றுவிட்டாள். பேசினை இடது கையால் தள்ளிவிட்டு உள்ளே நடந்தாள். எதிரே முதலாளி ஆறுச்சாமி.

அவர் கெட்டவர் இல்லை. ஒரு காலத்தில் தோட்டத்தில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்தவர்தான். ஆனால் அன்றைக்கு அவருக்கு வேறொரு தலைவலி. போன தடவை வந்த பையர் அம்மாள் பிரியமாக ஒரு பொட்டலம் பூவிதை கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அது மேஜை டிராயரில் தூங்கியது. தை மாதக் கடைசியில் வருகிறேன், என் பூக்களைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று இப்போது மெயில் போட்டிருக்கிறாள். ஆர்டர் கொடுக்கிற அம்மாள் ஆசைப்பட்டுவிட்டால் அப்புறம் பூக்காமல் முடியுமா?

"பூ மேல அத்தன ஆசையா இருந்தா போய் பூவ வளத்திப் பாரு," என்றார் அவர். "அந்தம்மா வாரப்போ பூத்து நிக்கோணும். நின்னுச்சுன்னா நீ பூ வெச்சுட்டே வேலைக்கு வா. ஆத்தப்பங்கிட்ட நானே சொல்லிப்போடறேன்."

செக்கிங் செக்‌ஷன் முழுக்க அதைக் கேட்டது. ஒச்சாயி தலையிலிருந்த பூவை எடுத்து, பேசினில் போடாமல், முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"சொன்ன வாக்கு மாறக்கூடாது மொதலாளி," என்றாள்.

முதலாளி எடுத்துக் கொடுத்த பொட்டலத்தில் இருந்த இங்கிலீஷை நதியா படித்துச் சொன்னாள். தூத்துக்குடிப் பெண். பையர்களிடம் பேசுகிற வேலை அவளுக்கு. குளிர்காலத்தில் விதைக்க வேண்டும், குளிர் படாமல் கண்ணாடி வீட்டுக்குள் மூடி வைக்க வேண்டும் என்று எழுதியிருந்ததாம். அது எழுதியவன் ஊரில் பனி கட்டியாக விழும். திருப்பூரில் மார்கழி என்றால் காலையில் காதுக்கு ஒரு துண்டு கட்டிக்கொள்கிற குளிர், பத்து மணிக்கு மண்டையைப் பிளக்கிற வெயில். அதை யோசிக்க அந்தக் கம்பெனியில் ஒரு ஆளும் இல்லை, ஒச்சாயியையும் சேர்த்துத்தான். அவள் பிறந்த ஊரில் மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் அதுவும் இல்லை. பூச்செடி வளர்த்தவள் இல்லை அவள்.

டைனிங் ஷெட்டுக்குப் பக்கத்தில் சவுக்குக் குச்சி நட்டு ஒரு சின்னக் கூடாரம் எழுந்தது. கண்ணாடிக்கு எங்கே போவது? பிரிண்ட் தப்பாகி ஒதுக்கிய பேக்கிங் பாலிபேக்குகளைப் பிரித்து, செல்லோடேப்பால் ஒட்டி, கூரையும் சுவரும் செய்தார்கள். உள்ளே நின்று நிமிர்ந்தால் தலைக்கு மேலே ஒவ்வொரு பையிலும் அதே இங்கிலீஷ் எழுத்து.

"என்ன தாயி எழுதியிருக்கு?" என்று நதியாவிடம் கேட்டாள் ஒச்சாயி.

"குழந்தைங்க தலையில மாட்டிக்கக் கூடாது, மூச்சு முட்டிரும்னு போட்டிருக்குக்கா."

யாருக்கும் உறைக்கவில்லை. தட்டுகளில் மண்ணும் எருவும் பரப்பி, கண்ணுக்கே தெரியாத அந்த விதையைத் தூவி, கதவையும் டேப் போட்டு மூடினார்கள். விதை முளைத்தது. நூல் மாதிரி வெளுத்துப்போய் எழுந்து நின்றது. ஒச்சாயி காலையில் ஒருதரம், மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் போய்ப் பார்த்தாள். வாழ்க்கையில் யாரிடமும் கெஞ்சாதவள் அந்த நாற்றிடம் "எந்திரி சாமி, எந்திரி" என்று கெஞ்சினாள். உள்ளே சோறு வடிக்கிற ஆவி மாதிரி புழுங்கியது. ஒரு திங்கட்கிழமை போனபோது அத்தனையும் அடி அழுகிப் படுத்திருந்தது.

அன்றைக்கு அவளுக்கு வந்த கோபத்தைக் கோபம் என்று சொல்லிவிட முடியாது. பூவாத்தாள் தூர நின்றே பார்த்தாள், கிட்டப் போகவில்லை. ஒச்சாயி இடுப்பில் செருகியிருந்த நூல்வெட்டுக் கத்தரியை எடுத்து, கூடாரத்தின் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழ்வரை கிழித்தாள். மறுபக்கத்தையும் கிழித்தாள். காம்பவுண்டுக்குப் பின்னால் போனாள். பங்குனியிலிருந்து கொட்டிக் கிடந்த பூச்சருகை இரண்டு கையாலும் வாரி ஒரு அட்டைப்பெட்டி நிறைய அள்ளி வந்தாள். எல்லாம் பெண்கள் தலையில் இருந்தது, பேசினில் விழுந்தது. தட்டுத் தட்டாக அதைக் கசக்கிக் கொட்டினாள்.

"இந்தா, உங்க பையர் பூவு. நல்லாப் பாத்துக்கங்க," என்று யாருமில்லாத கூடாரத்தைப் பார்த்துக் கத்தினாள். அழுகிய மண்ணின்மேல் ஒரு குடம் தண்ணீரையும் ஊற்றிவிட்டு டேபிளுக்குப் போனாள். அன்று முழுக்க ஒவ்வொரு பனியனிலும் ஓட்டை கண்டுபிடித்தாள்.

நாலைந்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை. ஆத்தப்பன்தான் வந்து கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, என்னமோ பச்சையாத் தெரியுதுங்களே, வந்து பாருங்க."

தட்டு கொள்ளாமல் முளைத்திருந்தது. கிழிந்த இடத்தில் காற்று உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. என்ன செடி என்று முதலில் அவளுக்கே தெரியவில்லை. இலை விரிந்து சிவந்தபோதுதான் தெரிந்தது: கோழிக்கொண்டை. வேறொரு தட்டில் வாடாமல்லி. அவள் கதம்பத்தில் இருந்ததுதான், பூவாத்தாள் தலையில் இருந்ததுதான், யார் யார் தலையிலோ இருந்தது. ஒச்சாயி குனிந்து ஒவ்வொரு இலையாகத் தொட்டுப் பார்த்தாள். நிமிர்ந்தபோது ஆத்தப்பனிடமும் எரிந்து விழுந்தாள்: "பாத்துட்டே நிக்கிறீகளே, ஒரு வாளித் தண்ணி கொண்டாந்தா என்ன?" அவர் கொண்டுவந்தார். அன்றிலிருந்து தினமும் கொண்டுவந்தார்.

தை முடியும்போது கூடாரம் சிவப்பும் ஊதாவுமாக நிறைந்து நின்றது. ஆறுச்சாமி வந்து பார்த்தார். பொட்டலத்துப் படத்தையும் பார்த்தார். "இதென்ன நம்மூர்ப் பூவாட்ட இருக்குது," என்றார். பிறகு, "செரி, பூ பூதானே," என்று போய்விட்டார். தன் வாக்கைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையர் அம்மாள் வந்து போகட்டும், கேட்டுக்கொள்ளலாம் என்று ஒச்சாயி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மாள் வந்தாள். உயரமாக, நரைத்த தலையோடு, சிரித்த முகமாக இருந்தாள். கூடாரத்துக்குள் குனிந்து நுழைந்தவள் இது நான் கொடுத்த பூ இல்லையே என்று சொல்லிச் சிரித்தாளாம். அதைவிட இது அழகு என்றும் சொன்னாளாம். முதலாளிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு சரம் கட்டி அம்மாளுக்கு வைத்துவிடு என்று ஒச்சாயிக்கு உத்தரவு. அவள் கட்டினாள். தன் கையாலேயே அந்த நரைத்த முடியில் கொண்டை ஊசி குத்தி வைத்துவிட்டாள். போட்டோ எடுத்தார்கள்.

பிறகு எல்லோரும் செக்கிங் செக்‌ஷனைப் பார்க்கக் கிளம்பினார்கள். போகிற வழியில் கேட்டடியில் ஆத்தப்பன் எழுந்து நின்று சல்யூட் வைத்தார். அன்றைக்கு மட்டும் பேசின் ஸ்டூலுக்கு அடியில் இருந்தது.

தலை நிறையப் பூவோடு அந்த அம்மாள் உள்ளே போகப்போகிறாள். வெள்ளைப் பனியன் குவிந்திருக்கிற டேபிள்களுக்கு நடுவே, எந்த இடத்துக்காகத் தன் பூவைப் பத்து மாதமாகப் பிடுங்கினார்களோ அதே இடத்தில் நடக்கப்போகிறாள். ஒச்சாயி குனிந்து பேசினை எடுத்தாள். விடுவிடுவென்று போய் செக்‌ஷன் வாசலை மறித்து நின்று, அதை அம்மாளுக்கு முன்னால் நீட்டினாள்.

ஆறுச்சாமியின் முகம் செத்துவிட்டது. "ஏ, அக்கட்டால போ," என்றார் மெதுவாக.

"ரூலுன்னா எல்லாத்துக்கும் ரூலுதானே மொதலாளி."

அம்மாள் நதியாவைப் பார்த்தாள். நதியா முதலாளியைப் பார்த்தாள்.

"உள்ளத உள்ளபடி சொல்லு தாயி," என்றாள் ஒச்சாயி.

நதியா சொன்னாள். அம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள், சிரிப்பு போய்விட்டது. பேசினைப் பார்த்தாள். பிறகு நிதானமாக ஏதோ சொன்னாள். நதியா அதை ஒச்சாயிக்குத்தான் சொன்னாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

"பூவப் பத்தி அவங்க ஒண்ணுமே சொல்லலையாம்க்கா. எல்லாருக்கும் தலைக்கு கேப் குடுங்கன்னுதான் மெயில்ல எழுதினாங்களாம். அவங்களுக்கும் ஒரு கேப் வேணுமாம், மாட்டிட்டு உள்ள வராங்களாம்."

கேப் இல்லை. உலகத்துக்கே துணி தைத்து அனுப்புகிற பனியன் கம்பெனியில் தலைக்கு மாட்ட ஒரு குல்லா இல்லை. பின்பக்கம் கட்டிங் வேஸ்ட் மலையாகக் குவிந்து கிடக்கிறது. டெய்லர் ஒருவன் ஓடிப்போய் அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து, எலாஸ்டிக் வைத்து, ஓவர்லாக் மிஷினில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்தான். அம்மாள் வாசலில் நின்றுகொண்டேயிருந்தாள். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பூ தலையிலேயே இருக்க, அதன்மேல் குல்லாவை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

ஒச்சாயி பேசினோடு அங்கேயே நின்றாள். இவ்வளவுதானா என்று கேட்டுக்கொண்டது அவள் மனசு. இவ்வளவு நேர வேலைதானா?

அடுத்த வாரம் கேட்டுக்குள் அதே ஸ்டூல், அதே நீலப் பேசின். அதற்குள் குல்லாக்கள். "பூ வெச்சுக்கலாமுங்க அம்மிணி, மேல இத மாட்டிக்குங்க," என்றார் ஆத்தப்பன். பெண்கள் சிரித்துக்கொண்டே எடுத்து மாட்டினார்கள். ஒச்சாயி கூடாரத்துக் கோழிக்கொண்டையைத் தலையில் வைத்து வந்திருந்தாள். குல்லாவை மாட்டிக்கொண்டு தன் டேபிளுக்குப் போனாள்.

பத்து மணி வாக்கில் ஆறுச்சாமி செக்‌ஷனைச் சுற்றி வந்தார். அவள் பக்கத்தில் நின்றார். வாக்கைக் காப்பாற்றிய மனிதரின் முகம் அவருக்கு.

"என்ன அம்மிணி, இப்ப சந்தோசந்தானே?"

ஒச்சாயி கையிலிருந்த பனியனை மடித்து வைத்தாள்.

"எம்புருசன் செத்தப்ப எம்பூவ எடுத்தாக மொதலாளி. எடுத்தவுக அழுதுக்கிட்டே எடுத்தாக. நீங்க தினமும் எடுத்தீக. ஒருத்தராச்சும் அழுதீகளா?"

ஒச்சாயி அடுத்த பனியனை எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள்.