மரையும் மனைவியின் மூக்கும்

என் மனைவிக்கு மசக்கை வந்த வருடம் நாங்கள் மெல்பேர்னில், கிளேட்டன் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். எழுபதுகளின் நடுப்பகுதி. சோறு கொதிக்கிற மணம் பட்டாலே அவளுக்குக் குமட்டும். கஞ்சிகூட வயிற்றில் தங்காது. கன்னம் ஒட்டிப்போய்ப் படுத்துக் கிடந்தவள் ஒரு நாள் சொன்னாள்: "மரை இறைச்சி கிடைச்சால் தின்னுவன் போல கிடக்கு."

நாங்கள் இருவரும் இலங்கையில் வன்னிக்காரர்; மரை எங்கள் காட்டுப் பெரிய மான். அந்த ஆசை எனக்கு விளங்கியது. வேலையிடத்தில் என் பக்கத்து மேசைக்காரன் ஒரு வெள்ளைக்காரன், லைசென்சும் துப்பாக்கியும் வைத்திருந்த வேட்டைக்காரன். அவனிடம் புலம்பினேன். கிழக்கே கிப்ஸ்லாந்து மலைக்காட்டில் மரை திரிகிறது, அந்தக் காலத்தில் உங்கள் பக்கத்திலிருந்துதான் கப்பலில் கொண்டுவந்து விட்டார்களாம் என்றான். எனக்கு ஊர்க்காரனைக் கண்ட சந்தோஷம். மரத்தில் பரண் கட்டிக் காத்திருப்போம், இடத்தை நான் காட்டுகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன்.

வன்னியில் கோடை வந்தால் காட்டு மிருகமெல்லாம் தண்ணீருக்கு வந்துதான் ஆகவேண்டும். அந்த நினைப்பில் ஒரு குட்டைக்கு மேலே சாய்ந்து நின்ற யூக்கலிப்டஸ் மரத்தில் பலகை கட்ட வைத்தேன். பொழுதுபடும்வரை காத்திருந்தோம். வளை தோண்டி வாழும், உருண்டு திரண்ட ஒரு வொம்பட் மட்டும் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனது.

"இந்த மலையில் பள்ளத்துக்குப் பள்ளம் ஓடை. மரை எதற்கு உன் குட்டையைத் தேடி வரவேண்டும்?" என்று நண்பன் கேட்டான்.

அடுத்த சனிக்கிழமை ஒழுங்காகத் தேடினோம். ஒரு பள்ளத்தில் குளம்பு பதிந்த ஒற்றையடிப் பாதை. ஓரத்து மரங்களில் கொம்பு உரசிப் பட்டை உரிந்திருந்தது. பாதையோரத்திலேயே பலகையைக் கட்டினோம். மாலையில் மரை வந்தது. ஆனால் கண்ணில் படவில்லை. கீழே எங்கோ நின்று ஒரு தரம் கத்திவிட்டு ஓடிவிட்டது. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். அவள் அரைக் கோப்பை கஞ்சி குடித்து, அதையும் சத்தி எடுத்தாள். அன்றுதான் எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது.

அடுத்த முறை நானும் வருவேன் என்று நின்றாள். "வீட்டில இருந்தாலும் சத்திதான், காட்டில இருந்தாலும் சத்திதான். காத்தாவது கிடைக்கும்."

மாலையில் போய்ச் சேர்ந்தோம். நானும் நண்பனும் பரணில் ஏறினோம். அவள் பாதையில் கீழே தள்ளி, ஒரு விழுந்த மரத்தில் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று கம்பளிச் சட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினாள்: "இஞ்சருங்கோ! உங்கட தலை எண்ணெயும் அவற்ற புகையிலையும் இஞ்ச வரைக்கும் மணக்குது!"

மொழிபெயர்த்துச் சொன்னேன். நண்பன் மரத்தை விட்டு இறங்கி, காய்ந்த இலையைப் பொடித்து ஊதினான். பொடி மெல்ல அவள் பக்கமே போனது. வெயில் இறங்கியதும் குளிர்காற்று பள்ளத்தில் கீழ்நோக்கி ஓடுகிறது. மரையோ கீழேயிருந்து ஏறி வருகிறது. எங்கள் மணத்தையே ஆளாக அனுப்பி அதற்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்திருக்கிறோம்!

பிறகு நடந்ததை யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். நான் மரம் மரமாகப் போய் நின்றேன்.

"மணக்குதோ?"

"ஓம், மணக்குது."

"இப்ப?"

"ஐயோ, இன்னும் மணக்குது."

கடைசியில் ஓடைக்கு அப்பால், பாதை நன்றாகத் தெரிகிற ஒரு மரத்தடியில் நின்றபோது மூக்கிலிருந்து கையை எடுத்தாள். "இப்ப சுகமாயிருக்கு."

மறுநாள் மாலை அந்த மரத்தில் இருந்தோம். மரை சந்தேகமில்லாமல் பாதையேறி வந்து நின்றது. நண்பன் ஒரே வெடியில் விழுத்தினான்.

நான் வறுத்து இடித்த மிளகாய்த்தூளும் சட்டியும் காரில் தயாராக இருந்தன. எடுத்து வருவதற்குள் நண்பன் முதுகு இறைச்சியில் ஒரு துண்டு வெட்டி, உப்பு மட்டும் தடவி நெருப்பில் வாட்டிக் கத்தி நுனியில் அவளிடம் நீட்டிவிட்டான். அவள் தின்றாள். தூளைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்து நின்றேன். குமட்டவில்லை. இன்னொரு துண்டு கேட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் போய் உட்காரப் போனேன்.

"கொஞ்சம் எட்ட இருங்கோ," என்றாள் வாய் நிறைய இறைச்சியோடு. "எண்ணெய் மணக்குது."

காற்றுப் பார்த்து, நெருப்புக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். அவள் அடுத்த துண்டுக்குக் கை நீட்டினாள்.