தாத்தா கல்லறையில் அப்பாவின் இடம்

என் அப்பாவுக்கு ஒரே ஆசை. செத்தால் தன் அப்பாவின் கல்லறையில் வைக்க வேண்டும். கல்லறை சித்தப்பா வீட்டார் பெயரில் இருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டிய சித்தப்பா மகன் முடியாது என்றான்.

காரணம், பிரெஞ்சுக்காரன் காலத்துப் பிறப்புச் சான்று. அப்பாவுடையதில் தகப்பன் பெயர் இல்லை. அதன் நகலைக் கொண்டுவந்து எங்கள் கூடத்தில் நீட்டினான்.

"ஒங்கப்பா யாருக்குப் பொறந்தாரோ, எங்களுக்கு என்னக்கா தெரியும்? வேணும்னா டிஎன்ஏ எடுத்துப் பாத்துடலாம்."

"எடுத்துக்கடா" என்று அப்பா எச்சில் எடுக்க வாயைத் திறந்தார். எண்பது வயதுக்கு மேல் ஒரு மனிதர் தன் அப்பனுக்குத்தான் பிறந்தேன் என்று வாயைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது.

முடிவு வந்தது. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே ஆண்வழி. அப்போதும் அவன் அடங்கவில்லை.

"தாத்தாவா, தாத்தாவோட தம்பியான்னு அதுல தெரியாதாம். கேட்டுட்டேன்."

அது உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் சித்தப்பாவிடம் கையெழுத்து வாங்கி அவருடைய சான்றையும் எடுத்திருந்தேன். அதிலும் முதலில் தகப்பன் பெயர் இல்லை. ஓரத்தில் பிறகு எழுதிச் சேர்த்திருந்தார்கள்.

அன்று இங்கே பலர் மாதா கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிடுவார்கள். மேரியில், அதாவது நகராட்சியில், கல்யாணத்தைப் பதியாவிட்டால் பிள்ளையின் சான்றில் அப்பா பெயர் வராது. பட்டாளத்துக்காரரான தாத்தா பென்ஷனுக்காகத்தான், சித்தப்பாவைப் பெற்ற இரண்டாம் மனைவியோடு மேரிக்குப் போனார். சித்தப்பாவுக்கு அப்பா பெயர் வந்தது அன்றைக்குத்தான். என் அப்பாவைப் பெற்ற முதல் மனைவி அதற்குள் செத்துப்போயிருந்தாள். செத்தவளை எந்த மேரிக்குக் கூட்டிப்போவது? அவள் கல்யாணம் கோயில் பதிவில் இருக்கிறது. அதையும் எடுத்து வைத்தேன்.

"ரெண்டு சான்றும் ஒண்ணு. ரெண்டு ரத்தமும் ஒண்ணு. எங்கப்பா தாத்தாவோட தம்பிக்குப் பொறந்தவருன்னா ஒங்கப்பா மட்டும் யாருக்குப் பொறந்தாரு? சொல்லு."

கூட வந்திருந்த சித்தப்பா தன் மகனைப் பார்த்தார். "எங்கம்மாவையும் சேத்துச் சந்தியில நிறுத்திட்டடா. போதும். அண்ணனுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடு."

போட்டான்.

கல்லறைத் திருநாளுக்கு முன்தினம் சுண்ணாம்பு அடிக்கப் போனோம். அவனும் வந்தான்.

"பெரியப்பா, குடுங்க, நான் அடிக்கறேன்."

"ஒனக்கு மூலையெல்லாம் விட்டுப்போவும். எங்கப்பன் கல்லறைய நான் அடிக்கறேன். நீ வாளியப் புடி."

பிடித்துக்கொண்டு நின்றான்.