பிர்தௌஸ் எடுத்த காற்று

பிர்தௌஸ் ஆரல்வாய்மொழிக்குக் கிளம்பிய நாள் ஆனி மாதப் பௌர்ணமி. ஊரே உள்ளே வந்துகொண்டிருக்க, அவள் மட்டும் வெளியே போய்க்கொண்டிருந்தாள். பௌர்ணமியன்று பஸ்கள் திருவண்ணாமலைக்குள் வராது. வேட்டவலம் ரோட்டில் போட்டிருந்த தற்காலிக பஸ் ஸ்டாண்டுவரை நடந்தாக வேண்டும். முதுகில் கேமரா பை, தோளில் கேமரா ஸ்டாண்டு, ஒரு கையில் புர்காவின் நுனி. செருப்பில்லாமல் எதிரே வந்த கூட்டத்தை விலக்கி விலக்கி நடந்தாள்.

போகிற வழியில் தேரடி வீதியில் புருஷனின் செருப்புக் கடை. கோயில் வாசலில் விட்ட செருப்பைக் காணாதவர்கள் விடிந்ததும் நேராக பாசிலின் கடைக்குத்தான் வருவார்கள். பௌர்ணமிக்கு மறுநாள்தான் அவனுக்குப் பெருநாள். அதற்காகப் பெட்டிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

“காத்தைப் படம் புடிக்கப் போற,” என்றான் தலை நிமிராமல். “காத்து கேமராவுல தெரியுமா?”

“தெரிய வைக்கணும். அதுக்குத்தான் கூப்பிடறாங்க.”

“எங்க கூப்பிட்டாங்க? சாம்பிள்தானே கேட்டிருக்காங்க.”

“ஆமாங்க. சாம்பிள்தான்.”

“சரி, போய்ட்டு வா. ஆனா இந்த ஒரு தடவைதான் சொல்லிட்டேன். இதுவும் ஆவலன்னா கேமராவ மூட்டை கட்டிட்டு கடைல வந்து உக்காரு. லேடீஸ் அயிட்டம் பாத்துக்க எனக்கும் ஆள் இல்ல.”

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பாள். அவன் கணக்குப் பார்த்துச் சொல்வதைப்போலச் சொன்னான். அவள் தலையாட்டிவிட்டு நடந்தாள்.

இந்தச் சுற்றுவட்டாரத்தில் முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் என்றால் ஆண்கள் பக்கம் யார் வேண்டுமானாலும் படம் எடுப்பார்கள். பெண்கள் பக்கம் பெண்தான் எடுக்க வேண்டும். அந்தப் பெண் பெரும்பாலும் பிர்தௌஸ்தான். அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்து போட்ட கேமராவை வைத்து, பெரியப்பா மகளின் நிக்காஹில் விளையாட்டாக ஆரம்பித்தது. பிறகு ஆரணி, வந்தவாசி, வேலூர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

கூப்பிட்டதற்குக் காரணம் அவள் எடுக்கும் படம் பாதி, அவளுடைய வழக்கம் பாதி. கல்யாண வீட்டிலேயே ஒரு அறையில் உட்கார்ந்து படத்தை வெட்டி ஒட்டி முடிப்பாள். பென் டிரைவில் போட்டுக் கொடுப்பாள். கேமராவிலிருந்து கார்டை உருவி அந்த வீட்டின் பெரியவர் கையில் வைப்பாள். லேப்டாப்பில் இருப்பதை அவர்கள் கண் முன்னாலேயே அழிப்பாள். அழித்ததை எந்தக் கொம்பனாலும் திரும்ப எடுக்க முடியாதபடி அழிக்க ஒரு சாஃப்ட்வேரே வைத்திருந்தாள். தலையில் முக்காடில்லாத பெண்களும் ஆடிப்பாடும் மணப்பெண்ணும் இருக்கிற படம். எங்கேயும் தங்கக் கூடாது. “பிர்தௌஸ் ஆபாகிட்ட ஒரு பொட்டுகூட மிஞ்சாது” என்பதுதான் ஆபா, அக்கா என்று அவளை அழைக்கும் ஊர் கொடுத்த பட்டம்.

முகத்தையே எடுக்காதே என்று சொல்லும் வீடுகளும் உண்டு. அவள் தொழில் கற்றது அந்த வீடுகளில்தான். மருதாணி காயக் காத்திருக்கும் கை, பூ கட்டுகிறவளின் முழங்கை, தலைப்புச் சரிகையில் ஒரு நொடி வந்து போகும் வெளிச்சம், திரைக்குப் பின்னால் சிரிக்கிறவர்களின் நிழல். மணப்பெண்ணின் முகம் ஒரு இடத்தில்கூட வராது. பார்த்து முடிக்கும்போது அவளைப் பார்த்துவிட்டதைப்போலவே இருக்கும்.

சென்னையில் ஒரு கம்பெனி காற்றாலைகளைப் பற்றி ஒரு தொடர் எடுக்கப்போகிறது, பெண் கேமராக்காரர் இருந்தால் நல்லது என்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவள் போன் செய்தாள். எடுத்தது தேவிப்ரியா என்ற பெண்.

“எத்தனை வருஷமா எடுக்கறீங்க?”

“பத்து வருஷத்துக்கு மேல ஆவுதுங்க.”

“எடுத்ததுல நல்லதா ஒண்ணு அனுப்புங்க.”

“எங்கிட்ட ஒண்ணுமில்லைங்க.”

அந்தப் பக்கம் சிரித்துவிட்டார்கள். பிறகு தேவிப்ரியாவே இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னாள். “ஒரு காற்றாலையைப் புதுசா எடுத்து அனுப்புங்க. பேச்சு வேணாம், முகம் வேணாம். ரெண்டு மூணு நிமிஷம். பாக்கறவங்க அங்க நின்ன மாதிரி இருக்கணும், அவ்ளோதான்.”

முகம் வேண்டாம் என்றதும் பிர்தௌஸுக்கு அந்த வேலை தன்னுடையதுதான் என்று பட்டுவிட்டது.

வழி காட்டியவன் பிரசாத். கீழ்பென்னாத்தூர்க்காரன், திருவண்ணாமலையில் ஸ்டுடியோ வைத்திருந்தான். எத்தனையோ கல்யாணங்களில் ஆண்கள் பக்கம் அவன், பெண்கள் பக்கம் இவள் என்று பிரித்துக்கொண்டு எடுத்திருக்கிறார்கள். அவனுடைய தாய்மாமன் கோதண்டராமன் ஆரல்வாய்மொழிக் காற்றாலை ஒன்றில் சூப்பர்வைசர். “மாமா வீட்லயே தங்கிக்கலாம்க்கா. மேலேந்து ட்ரோன்ல நான் எடுக்கறேன், கீழ நீங்க எடுங்க. ரெண்டு பேர் பேரையும் போட்டுக்கலாம்,” என்றான். புது ட்ரோன் வாங்கியிருந்தான்.

அங்கே போய்ச் சேர்ந்த அன்றே அந்த ட்ரோன் போனது. கணவாய்க் காற்று ஆளையே தள்ளும் மாதம் அது. “இப்ப ஏத்தாதடா,” என்று கோதண்டராமன் சொல்லச் சொல்ல பிரசாத் ஏற்றினான். அது கொஞ்ச நேரம் குடித்தவனைப்போலத் தள்ளாடிவிட்டு, மலைப் பக்கமாகப் போனது, போனதுதான். பனங்காட்டுக்குள் தேடிவிட்டு இரண்டு உடைந்த இறக்கைகளோடு திரும்பிவந்தான். அதற்குப் பிறகு அவன் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி இருந்தான்.

பிர்தௌஸ் தனியாக எடுத்தாள். முதல் நாள் காற்றாலையை நேராக எடுத்துப் பார்த்தாள். காலண்டரில் வருகிற படத்தைப்போல இருந்தது. அழித்தாள். சாயங்காலம் கோதண்டராமனின் மனைவி அருணாதேவி ஜன்னல் திரையை இழுத்து இழுத்து மூடுவதைப் பார்த்துக் காரணம் கேட்டாள்.

“அதையேம்மா கேக்கற. அஞ்சு மணிக்கு மேல இந்த மெஷின் நெழல் வீட்டுக்குள்ள வந்துடும். யாரோ லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கற மாதிரி. தலைவலி புடிச்சிக்கும்.”

பிர்தௌஸ் திரையை விலக்கச் சொன்னாள். சுவரிலும் அலமாரியிலும் தொங்கிய சட்டையிலும் இறக்கையின் நிழல் வந்து விழுந்து நகர்ந்து போனது. மறுபடி வந்தது. அதன்பின் அவள் காற்றாலையைத் தலை நிமிர்ந்தே பார்க்கவில்லை. நிழல் போன இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போனாள். படுத்திருக்கும் ஆடுகளின் முதுகில் அது ஏறி இறங்கியது. வாழை இலை கிழிந்து கிழிந்து நாராகியிருந்த தோட்டத்தில் கோடு கோடாக உடைந்தது. கொடியில் காய்ந்த அருணாதேவியின் புடவை காற்றில் நிமிர்ந்து பலகைபோல நிற்க, அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது.

“இம்மாந்தூரம் வந்து எம் புடவையத்தான் எடுக்கறியா? முன்னாடியே சொல்லியிருந்தா நல்லதா ஒண்ணு தொவைச்சிப் போட்டிருப்பேனே,” என்றாள் அருணாதேவி.

காற்றாலை படத்தின் கடைசியில்தான் வரும். அதுவும் தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகீழாக, மாடு வாய் வைத்ததும் கலைந்து போகும். முடித்த அன்று கூடத்தில் உட்கார்ந்து வெட்டி ஒட்டினாள். பொழுது சாய்வதற்குள் படம் தயார். தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படத்தை அவள் அழிக்காமல் வைத்துக்கொள்ளப் போகிறாள் என்ற நினைப்பு இருந்தது. ஊருக்குப் போய் பாசிலுக்குக் காட்ட வேண்டும், பிறகு சென்னைக்கு அனுப்ப வேண்டும்.

கோதண்டராமன் வேலை முடிந்து வந்தார். “வெளியாளு எடுத்ததைப் பாக்காம அனுப்பக்கூடாதும்மா. காட்டு,” என்றார். காட்டினாள். “பதினாலு வருஷமா இங்கதான் இருக்கேன். இதை நான் பாக்கவே இல்லையே,” என்றார். பிறகு கையை நீட்டினார். “ஒரு காப்பி இங்க இருக்கட்டும்.”

வீட்டுப் பெரியவர் படத்தைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டுகிறார். அருகில் வீட்டுக்காரம்மா நிற்கிறாள். பிர்தௌஸின் கை தானாக வேலை செய்தது. ஒரு காப்பி பென் டிரைவில் போட்டாள். கார்டை உருவி அதோடு சேர்த்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். லேப்டாப்பைத் திருப்பி அவர்களுக்குக் காட்டியபடியே எல்லாவற்றையும் அழித்தாள். அந்த சாஃப்ட்வேரையும் ஓட்டினாள். அவர் எதற்கு இதெல்லாம் என்று புரியாமல் பார்த்தார். ஏதோ கம்பெனி முறைபோல என்று நினைத்துக்கொண்டு சட்டைப் பையில் போட்டார்.

வாசல் நிலையில் சாய்ந்து பிரசாத் நின்றிருந்தான். அவளை எத்தனையோ மண்டபங்களில் பார்த்தவன். அவள் என்ன செய்கிறாள் என்று அந்த வீட்டில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாகர்கோவில் ஸ்டேஷனில் ரயிலேறி உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. படம் தன்னிடம் இல்லை. உடனே பிரசாத்துக்குப் போன் செய்தாள். அவன் அங்கேயே இரண்டு நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லித் தங்கியிருந்தான்.

“மாமாகிட்டதானேக்கா இருக்கு. எங்க போயிடப் போவுது? நான் வாங்கினு வரேன்,” என்றான்.

வந்தான். மாமா எங்கேயோ வைத்துவிட்டார் என்றான். அடுத்த வாரம் கார்டு கரப்ட் ஆகிவிட்டது, சர்வீஸுக்குக் கொடுத்திருக்கிறேன் என்றான். தேவிப்ரியா இரண்டு தடவை நினைவூட்டிவிட்டு, அடுத்த வருஷம் இன்னொரு ஆள் எடுப்போம், அப்போது பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள்.

கார்த்திகை தீபத்துக்குக் கொஞ்சம் முன்னால் பாசில் கடையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவளிடம் நீட்டினான். “நீ சொன்ன மாதிரியே ஒருத்தன் எடுத்திருக்கான் பாரு.” ஆடுகளின் முதுகு, வாழை, அருணாதேவியின் புடவை, தண்ணீர்த் தொட்டி. ஒரு வெட்டுகூட மாறவில்லை. கீழே பிரசாத் என்று ஒரே ஒரு பெயர். ஊர் முழுக்கப் பகிர்ந்திருந்தார்கள்.

அவள் ஸ்டுடியோவுக்குப் போனாள். அவன் டீ வாங்கி வரச் சொன்னான்.

“டீ இருக்கட்டும். எதுக்குடா இப்படி பண்ண?”

“இன்னாக்கா பண்ணேன்? எங்க மாமா எடம், எங்க மாமா வீடு, எம் ட்ரோன் போச்சி. அதை யாராவது கேட்டீங்களா?”

“எடுத்தது யாரு?”

“நீங்க எடுத்ததா இருந்தா உங்ககிட்ட இருக்கும் இல்ல. காட்டுங்க, ஊருக்கே சொல்லிடறேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தான். “எங்க காட்டுவீங்க? உங்ககிட்டதான் ஒரு பொட்டுகூட மிஞ்சாதே.”

கோதண்டராமன் போனை எடுக்காததால் அவள் அருணாதேவிக்குப் போன் செய்தாள். “எனக்குத் தெரியாதா கண்ணு, நீதான் எடுத்த. எம் புடவைதானே அது,” என்று சொன்ன அருணாதேவி, அடுத்த மூச்சில் குரலைத் தாழ்த்தினாள். “ஆனா அவன் இவரோட அக்கா புள்ளை. நான் வாயத் தொறந்தா எனக்கு எங்க சோறு? இனிமே இதுக்குப் போன் பண்ணாதம்மா.”

பொறுக்கமாட்டாமல் அந்தப் படத்தின் கீழேயே இதை எடுத்தது நான் என்று பிர்தௌஸ் எழுதினாள். பிரசாத் மரியாதையாகப் பதில் போட்டான்: “அக்கா மேல எனக்கு மதிப்பு உண்டு. அவங்க வேலை செய்யற எடத்துல ரகசியமா காப்பி எடுத்து வெச்சிக்கற பழக்கம் இருந்தா, அதைக் காட்டட்டும்.”

அது போதுமானதாக இருந்தது. பிர்தௌஸிடம் காப்பி இருக்கிறதாமே என்று முதலில் யார் கேட்டார்கள் என்று தெரியாது. ஒரு வாரத்தில் கல்யாண வீடுகளில் அதுதான் பேச்சு. ஆரணியில் பேசி முடித்திருந்த ஒரு நிக்காஹை, மணப்பெண்ணின் தாய் போனிலேயே வேண்டாம் என்றாள். “எம் பொண்ணு ஆடினது உங்க லேப்டாப்புல இருக்கா ஆபா? அல்லா மேல சத்தியமா சொல்லுங்க.” சத்தியம் செய்தாள். அந்தத் தாய் அழுதாள், நம்பவில்லை. அதன்பின் யாரும் கூப்பிடவில்லை. பிரசாத் ஸ்டுடியோவை மூடிவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டான். அங்கே பெரிய இடத்தில் சேர்ந்திருக்கிறான் என்று மட்டும் தெரிந்தது.

அவள் செருப்புக் கடையில் உட்கார்ந்தாள். பாசில் குத்திக்காட்டவில்லை. பெண்கள் அளவு பார்க்கும்போது, “இவங்ககிட்ட கேளுங்க,” என்று கை காட்டுவான், அவ்வளவுதான். மூட்டை கட்டிய கேமரா பீரோவுக்கு மேலே இருந்தது.

அடுத்த ஆனியில் அவள் அதை இறக்கினாள். அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்றுகூடப் பொய் சொல்லவில்லை, “போறேன்” என்றாள். பாசில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டான். இந்தத் தடவை யார் வீடும் இல்லை, யார் அனுமதியும் இல்லை. வேலிக்கு வெளியே, ரோட்டோரத்திலும் ஆட்டுக் கிடைகளிலும் நின்று எடுத்தாள். அதே நிழல், அதே ஆடு, வாழை, தொட்டி. அவளுக்கு அப்படித்தான் பார்க்கத் தெரியும். போன தடவையைவிட நன்றாக வந்திருந்தது. அது அவளுக்கே தெரிந்தது. திரும்பி வந்து தன்னிடம் ஒன்று வைத்துக்கொண்டாள். பாசிலின் போனில் ஒன்று போட்டாள். பிறகு தேவிப்ரியாவுக்கு அனுப்பினாள்.

பதில் வரவில்லை. ஆடி போனது, புரட்டாசி போனது. தீபக் கூட்டம் வந்து செருப்பைத் தொலைத்து, வாங்கி, ஊருக்குப் போனது. அவள் எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டாள். தை மாதம் ஒரு மத்தியானம், ஒரு பெண்ணுக்கு ஏழாம் நம்பர் கிடைக்குமா என்று பெட்டிகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது.

“வணக்கம் மேடம். லேட்டுக்கு ஸாரி. உங்க சாம்பிள் பாத்தோம். கை நல்லா இருக்கு. ஆனா எங்க கேமராமேன் பிரசாத் முன்னாடி எடுத்த வீடியோவை அப்படியே பாத்து எடுத்திருக்கீங்க, ஷாட் பை ஷாட். அவர்கிட்டயே காட்டினோம். கோவிச்சுக்கல, ஊர்க்கார அக்கா, விட்டுடுங்கன்னு பெருந்தன்மையா சொன்னார். காப்பி அடிக்கறவங்களை நாங்க எடுக்கறதில்ல. சொந்தமா ஏதாவது எடுத்தா அனுப்புங்க. தேவிப்ரியா.”