கண்ணில் காணாத துட்டு

நாதஸ்வரம் வைத்த ரிங்டோன் எங்காவது கேட்டால் இன்றும் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது. ஊரைவிட்டு வெகுதூரத்தில், பேகம்பேட்டில் எங்கள் ஆபீஸ் பால்கனியில் மாலை டீ குடிக்கும்போது அண்ணாச்சியின் போனில் அது தவறாமல் ஒலிக்கும். அண்ணாச்சி எங்கள் டீம் லீடர். நான் கோயம்புத்தூர்க்காரன், ஆனாலும் அவரை வேறெப்படியும் கூப்பிட வாய் வரவில்லை. போனில் அவருடைய அப்பா, திருநெல்வேலிப் பக்கத்து ஊரில் தனியாக இருந்தவர். "எப்பல வார?" என்று அவர் கேட்பது பக்கத்தில் நிற்கும் எனக்கே கேட்கும்.

அண்ணாச்சி அந்தக் கம்பெனியில் சேர்ந்தது ஒரு தை மாதம். சேர்ந்ததற்கென்று ஒரு போனஸ் கொடுத்தார்கள். முதல் சம்பளத்திலேயே அதற்கு வரி பிடித்துவிட்டு மிச்சத்தைப் போட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் வேலையை விட்டால் திருப்பிக் கட்ட வேண்டும். மனிதர் அதில் கையே வைக்கவில்லை. "போகணும்னா மூஞ்சில எறிஞ்சிட்டுப் போயிருவேன்" என்பார். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக எனக்கும் தோன்றியது.

தீபாவளிக்கு முன்னால் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். அதன்பிறகு பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் நடக்க முடியவில்லை. அண்ணாச்சி திருநெல்வேலியிலேயே பாதிச் சம்பளத்துக்கு ஒரு வேலை தேடிப் பிடித்து, எச்.ஆர். பெண்ணிடம் போய் நின்றார். கூட நானும் போயிருந்தேன். கைக்கு வந்ததை மட்டுமல்ல, வரி பிடிக்கும் முன்பிருந்த முழுத் தொகையையும் கட்ட வேண்டும் என்றாள் அவள். வரி போன நிதியாண்டிலேயே அரசாங்கத்துக்குப் போய்விட்டது, கம்பெனியால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

வெளியே வந்ததும் வெடித்தார். "நான் கண்ணால காணாத துட்டுல்லா அது! அதை எதுக்குல நான் கொடுக்கணும்?"

வரியாகப் போன தொகையை நான் போடுகிறேன், கிளம்புங்கள் என்று கெஞ்சினேன்.

"துட்டு இல்லாமலா சொல்லுதேன்? நியாயம் வேண்டாமா? தை வரைக்கும்தான, இருந்து தொலைக்கேன்."

நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது. பாழாய்ப்போன அந்த நியாயம்தான் என்னை இன்னும் உறங்கவிடாமல் செய்கிறது.

அதுவரை அப்பாவைப் பார்த்துக்கொள்ளும்படி ஊரில் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தார். மார்கழியில் ஒருநாள் பால்கனியில் அதே நேரம், அதே நாதஸ்வரம். காதில் வைக்கும்போதே அண்ணாச்சி சிரித்துக்கொண்டு, "வாரேம்ப்பா, இன்னும் கொஞ்ச நாளுதான்" என்றார். அப்பாவின் போனிலிருந்து பேசியது பக்கத்து வீட்டுக்காரர், அப்பா போய்விட்டார் என்று சொல்ல.

இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். வருஷா வருஷம் போனஸ் வரும் நாளில், எவ்வளவு வரி போச்சு பாரு என்று மாடியே புலம்பும். நான் என் வேலையைப் பார்ப்பேன். யாராவது ஊருக்குப் போக வேண்டும், ஆனால் முழுசாகக் கட்டச் சொல்கிறார்களே என்று வந்து நின்றால் மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வரும். கட்டித் தொலைச்சிட்டுப் போடா என்று கத்துவேன்.

அப்பா போன பிறகு அண்ணாச்சி வேலையை விடவே இல்லை. தை பிறந்து கெடு முடிந்த அன்று எச்.ஆர். பெண் அவர் இருக்கைக்கே வந்து, இனி எதுவும் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஒத்தப் பைசா கொடுக்க வேண்டாமாம்ல. இதை யார்கிட்டல போய்ச் சொல்ல?"